கட்டைவிரல் கடவுளுக்குச் சாட்சி சொல்லுமா?

“வேறு எந்த ஆதாரமும் இல்லாவிட்டாலும், கடவுள் உண்டு என்று நான் நம்புவதற்குக் கட்டைவிரல் ஒன்றே போதும்” என்று ஐசக் நியூட்டன் சொன்னதாக ஒரு ஜெபக்கூட்டத்தில் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் உண்மையில் அப்படிச் சொன்னாரா, கையின் அமைப்பைக் காட்டிக் கடவுளை நிறுவும் வாதம் கிறிஸ்தவத்தில் இருந்திருக்கிறதா, இன்றைய உடற்கூறியல் தெரிந்தவர்கள் அதை ஏற்பார்களா என்று கேட்கிறீர்கள்.

முதல் கேள்வி எளிது. நியூட்டனின் எழுத்துகளில் அந்த வாசகத்தை இதுவரை யாரும் எடுத்துக் காட்டியதில்லை. அவர் இறந்து நூறு ஆண்டுகளுக்கும் மேலான பிறகே அது அச்சில் சுற்றத் தொடங்குகிறது. பெரியவர் பெயரை ஒட்டினால் சரக்கு விற்கும் என்பது எல்லா ஊருக்கும் பொதுவான வியாபார தந்திரம். இரண்டாவது கேள்விக்கு விடை: ஆம், இருந்தது. அதற்குப் பெருஞ்செல்வமும் பெரிய மூளைகளும் செலவழிந்திருக்கின்றன. மூன்றாவதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. நிரூபணமாக அந்த வாதம் நிற்காது என்பது என் கருத்து. ஆனால் அதை முன்வைத்தவர்கள் கையைப் பார்த்த அளவுக்கு உன்னிப்பாக அதை மறுத்தவர்களில் பலர் பார்க்கவில்லை. அதனால் கையிலிருந்தே தொடங்குகிறேன்.

இடது கையை மேசைமீது மல்லாக்க வையுங்கள். மோதிரவிரலை மட்டும் விட்டுவிட்டு, மற்ற மூன்று விரல்களையும் வலது கையால் மேசையோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது மோதிரவிரலை மடக்குங்கள். நடு மூட்டில் அது மடங்கும். ஆனால் நுனிக் கணு உயிரில்லாததுபோல் தளர்ந்து கிடக்கும். யாரையாவது தட்டிப் பார்க்கச் சொன்னால் ஆடும். எவ்வளவு முயன்றாலும் பெரும்பாலோரால் அதை மடக்க முடியாது.

காரணம் இது. விரல்களுக்குள் தசையே இல்லை. விரலை மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. சைக்கிள் பிரேக் கம்பி உறைக்குள் ஓடுவதுபோல், அவற்றின் நாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல்களின் வழவழப்பான உறைகளுக்குள் ஓடுகின்றன. ஒவ்வொரு விரலுக்கும் இரண்டு நாண்கள். மேலடுக்குத் தசையிலிருந்து வரும் மேல்நாண் விரலின் நடு எலும்போடு நின்றுவிடுகிறது. அடியில் இருக்கும் ஆழ்தசையின் நாண் நுனி எலும்புவரை போகிறது. நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் மூன்றின் ஆழ்நாண்களும் முன்கையில் ஏறக்குறைய ஒரே தசையிலிருந்து வருபவை. பக்கத்து விரல்களை நீங்கள் கட்டிப்போட்டதும் அந்தத் தசை முழுவதுமே கட்டுண்டுவிடுகிறது. மேல்நாண் தனித்தனியாக இயங்கக்கூடியது என்பதால் அது மட்டும் வேலை செய்கிறது.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. நுனிவரை போகவேண்டிய நாண் அடியில் இருக்கிறது. பாதியில் நிற்கவேண்டியது மேலே இருக்கிறது. ஒன்றை ஒன்று எப்படித் தாண்டும்? விரலின் அடி எலும்புக்கு நேராக மேல்நாண் இரண்டாகப் பிளக்கிறது. அந்தப் பிளவின் வழியே ஆழ்நாண் நுழைந்து மேலே வந்து நுனியை நோக்கிப் போகிறது. பிளந்த இரு கிளைகளும் அதைச் சுற்றிக் கீழிறங்கி நடு எலும்பின் இருபுறமும் ஒட்டிக்கொள்கின்றன. இதனால் இரண்டு நாண்களுமே விரலின் நடுக்கோட்டில் இழுக்கின்றன. விரல் பக்கவாட்டில் கோணுவதில்லை. பிரேதக் கூடத்தில் முதன்முதலாக இதைப் பார்க்கும் மருத்துவ மாணவர்கள் பெரும்பாலும் ஒரு கணம் நின்றுவிடுவார்கள். ஆண்டவனை நம்பாதவர்களும்தான்.

இந்தப் பிளவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கை பற்றிய இறையியலின் கதை பாதிக்கு மேல் இதைச் சுற்றியே ஓடுகிறது. ரெம்பிராண்ட் 1632இல் வரைந்த டாக்டர் துல்ப்பின் உடற்கூறியல் பாடத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். இப்போது ஹேக் நகரின் மௌரிட்ஸ்ஹைஸ் காட்சியகத்தில் இருக்கிறது. துல்ப் வலது கையிலுள்ள இடுக்கியால் பிணத்தின் முன்கையிலிருந்து தூக்கிப் பிடித்திருப்பது இந்த மேலடுக்குத் தசையைத்தான். தம்முடைய இடது கை விரல்களை லேசாக வளைத்து, இதை இழுத்தால் விரல் இப்படி மடங்கும் என்று காட்டுகிறார். அந்தக் காலத்துப் பிரேதப் பரிசோதனைகள் சீக்கிரம் அழுகும் வயிற்றிலிருந்தே தொடங்கும். இந்த ஓவியத்தில் வயிறு தொடப்படாமல் இருக்க, கை மட்டும் திறந்து கிடக்கிறது. படைத்தவனின் கைவேலைக்குச் சாட்சியாகவே கை இங்கே முன்னிறுத்தப்படுகிறது என்று கலை வரலாற்றாளர்கள் பலர் வாசிக்கிறார்கள்.

ஆனால் வாதத்தின் வேர் கிறிஸ்தவத்துக்கு வெளியே இருக்கிறது. கையிருப்பதால்தான் மனிதன் மிகுந்த அறிவுள்ளவன் ஆனான் என்றார் பழைய கிரேக்கத் தத்துவஞானி அனக்சகோரஸ். இல்லை, அறிவுள்ளவன் என்பதால்தான் இயற்கை அவனுக்குக் கையைக் கொடுத்தது; புல்லாங்குழலை வாசிக்கத் தெரிந்தவனிடம்தானே கொடுப்போம் என்று அரிஸ்டாட்டில் மறுத்தார். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் பெர்கமோன் நகரத்து மருத்துவர் கேலன், உடலின் ஒவ்வொரு உறுப்புக்கும் பயன் சொல்லிப் பதினேழு பாகங்களில் எழுதிய பெருநூலைக் கையிலிருந்தே தொடங்கினார். அரிஸ்டாட்டில் பக்கம் நின்றார். விரல்களின் நீளம் ஏன் சமமாக இல்லை? ஒரு பெரிய உருண்டையைப் பிடித்துப் பாருங்கள், நுனிகள் எல்லாம் ஒரே வட்டத்தில் வந்து நிற்கும் என்றார். நூறு காளைகளைப் பலியிடுவதையும் சாம்பிராணி போடுவதையும்விட, படைத்தவனின் ஞானத்தை அறிந்து பிறருக்கும் காட்டுவதே மெய்யான துதி என்றும் எழுதினார். கேலன் கிறிஸ்தவர் அல்லர். மோசேயின் கடவுளை விமர்சித்தவர்கூட. மோசேயின் கடவுள் நினைத்தால் கல்லையும் மனிதனாக்கிவிடுவார். கேலனின் கடவுள் இயலாததை முயல்வதில்லை, இருக்கும் பொருளைக் கொண்டு இயன்றவற்றுள் சிறந்ததைத் தேர்ந்தெடுக்கிறார். இந்த வேறுபாடு பின்னால் முக்கியமாகப் போகிறது.

போகிற போக்கில் ஒன்று. குரங்கின் கட்டைவிரலைக் குட்டையானது, கோணலானது, சிரிப்புக்குரியது என்று கேலி செய்த கேலன், பெரும்பாலும் அறுத்துப் பார்த்தது குரங்குகளைத்தான். மனித உடலை அறுக்க ரோமில் வழியில்லை. அவர் குரங்கில் கண்டதை மனிதன்மேல் ஏற்றிச் சொன்ன இடங்களை 1543இல் உடற்கூறியலாளர் வெசேலியஸ் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். அந்த நூலில் வெசேலியஸ் வைத்துக்கொண்ட தம் உருவப்படத்திலும் அவர் பிடித்துக் காட்டுவது தோல் உரித்த ஒரு முன்கையையும் அதன் விரல் நாண்களையும்தான்.

வாதம் கிறிஸ்தவ உடை முழுவதும் அணிந்துகொண்டது இங்கிலாந்தில். 1802இல் வெளிவந்த வில்லியம் பேலியின் ‘இயற்கை இறையியல்’ நூலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள்: புதர்வெளியில் கிடக்கும் கடிகாரத்தைப் பார்த்தால் அதைச் செய்தவன் ஒருவன் இருப்பான் என்று தெரிகிறதே, கண்ணையும் கையையும் பார்த்தால் தெரியாதா என்பது அதன் சாரம். நாண் பிளந்து நாணுக்கு வழிவிடும் அதிசயம் பேலியின் சான்றுகளிலும் உண்டு. ஆனால் பேலி பாதிரியார். கத்தி பிடித்தவர் அல்லர். கையைப் பற்றி முழுநூல் எழுத ஒரு அறுவை மருத்துவர் வேண்டியிருந்தது. அதற்குப் பணம் கொடுத்தவர் ஒரு விசித்திர மனிதர்.

பிரிட்ஜ்வாட்டரின் எட்டாவது பிரபு பிரான்சிஸ் ஹென்றி எகர்ட்டன் பெயருக்குத் திருச்சபைக் குருவானவர். வாழ்ந்தது பாரிஸில், நாய்களோடு. அந்த நாய்களுக்குச் செருப்புத் தைத்துப் போட்டு, சாப்பாட்டு மேசையில் தம்மோடு உட்கார வைத்துப் பரிமாறச் செய்வார் என்று ஊரெல்லாம் பேச்சு. 1829இல் இறந்தபோது 8,000 பவுண்டை லண்டன் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் தலைவர் பொறுப்பில் விட்டுச்சென்றார். படைப்பில் வெளிப்படும் கடவுளின் வல்லமை, ஞானம், நற்குணம் பற்றி நூல் எழுதச் செய்து ஆயிரம் படிகள் அச்சிட வேண்டும் என்பது உயில். என்னென்ன சான்றுகளைக் காட்டலாம் என்று அவரே குறிப்பிட்டவற்றில் செரிமானமும் இருந்தது, ‘மனிதனின் கையின் அமைப்பு’ என்பதும் இருந்தது. கான்டர்பரி பேராயரையும் லண்டன் ஆயரையும் கலந்து எட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆளுக்கு 1,000 பவுண்ட். 1833 முதல் 1836 வரை எட்டு நூல்களும் வந்தன. கை, சர் சார்லஸ் பெல் என்பவருக்கு ஒதுக்கப்பட்டது. எட்டில் இன்றும் படிக்கத் தகுந்தது எது என்று என்னைக் கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

பெல் 1774இல் எடின்பரோவில் பிறந்தவர். கை தேர்ந்த ஓவியரும்கூட. கொருன்யா போரிலிருந்து 1809இல் திரும்பிய காயம்பட்ட வீரர்களுக்குச் சிகிச்சை செய்து, அவர்களின் காயங்களை எண்ணெய்ச் சாயத்தில் வரைந்தார். வாட்டர்லூ போர் முடிந்ததும் தாமாகவே பிரஸ்ஸல்ஸுக்கு விரைந்து, அறுத்து அறுத்து உடையெல்லாம் இரத்தம் உறைந்து விறைத்துப்போக, கத்தி பிடித்த கை செயலிழக்கும்வரை உழைத்தார். மயக்க மருந்து இல்லாத காலம் அது. முகத்தின் ஒரு பக்கம் திடீரென்று செயலிழக்கும் நோய்க்கு ‘பெல்ஸ் பால்சி’ என்று இன்றும் அவர் பெயர்தான். குறையும் உண்டு. முதுகுத்தண்டு நரம்பு வேர்களில் எது உணர்ச்சிக்கு, எது இயக்கத்துக்கு என்பதை பிரெஞ்சுக்காரர் மஜாந்தி 1822இல் தெளிவாக நிறுவியபோது, தமக்கே முதலிடம் என்று பெல் வாதாடினார். தம் பழைய கட்டுரைகளை மறுபதிப்புச் செய்கையில் அதற்கேற்பச் சொற்களைத் திருத்தவும் செய்தார். பக்தி இருந்தாலும் பதவிசு வந்துவிடுவதில்லை.

1833இல் வந்த அவருடைய ‘கை’ நூல், கட்டைவிரலின் நீளமும் வலிமையும் எல்லாத் திசையிலும் அசையும் சுதந்திரமுமே மனிதக் கையின் ஆற்றலுக்கு அடிப்படை என்கிறது. அதை இழப்பது ஏறக்குறைய கையையே இழப்பது என்கிறது. இன்றைய கை அறுவை மருத்துவர்களும் கையின் பயனில் ஏறத்தாழ 40 சதவீதத்தைக் கட்டைவிரல் கணக்கில் எழுதுவது வழக்கம். ஆனால் நூலின் பெரும்பகுதி மனிதக் கையைப் பற்றியதே அல்ல. அகழெலியின் தோண்டும் கை, வௌவாலின் இறக்கை, குதிரையின் கால், கரடியின் பாதம் என்று தோள்பட்டையிலிருந்து விரல் நுனிவரை விலங்கு விலங்காகப் போகிறார். தேவாங்குபோல் மெதுவாக நகரும் தென் அமெரிக்க ஸ்லாத் விலங்கை இயற்கையின் அரைகுறைப் படைப்பு என்று பிரெஞ்சு அறிஞர் பியுஃபான் இகழ்ந்திருந்தார். அதைத் தரையில் வைத்துப் பார்த்தால் அப்படித்தான் தெரியும், மரக்கிளையில் தொங்கவிட்டுப் பாருங்கள் என்று பெல் பதில் சொன்னார். அருமையான பதில்.

அதைவிட அருமையானது வேறொரு பகுதி. தசைகள் மூளையின் கட்டளையை வாங்குபவை மட்டுமல்ல, தங்கள் நிலையைத் திரும்பத் தெரிவிப்பவையும்தான். ஐந்து புலன்களோடு ஆறாவதாகத் ‘தசைப்புலன்’ ஒன்று உண்டு என்று பெல் வாதிட்டார். அவர் தரும் உதாரணம் ஒரு தாய். பக்கவாதம் தாக்கியதில் ஒரு பக்கம் அசைவு போய்விட்டது. மறுபக்கம் அசைவு இருக்கிறது, உணர்வு போய்விட்டது. உணர்வற்ற அந்தக் கையால் குழந்தையை மார்போடு அணைத்துப் பால் கொடுப்பாள், குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்கும்வரை. பார்வை வேறெங்காவது திரும்பினால் கை தானாகத் தளரும். குழந்தை நழுவப் பார்க்கும். கண்ணை மூடிக்கொண்டு மூக்கு நுனியைத் தொட முடிகிறதே, அதற்குக் காரணமான புலன் இது. நரம்பியல் இன்றைக்கும் வேறு பெயரில் பேசுவது இதைத்தான்.

வலியைப் பற்றியும் ஒரு வாதம் வைக்கிறார். வலி படைப்பின் குறையல்ல, காவல் என்கிறார். தோல் கூர்மையாக வலிக்கிறது. உள்ளே உள்ள உறுப்புகள் பலவற்றை வெட்டினாலும் அந்த வலி இல்லை. வெளிக்காவல் விழித்திருந்தால் உள்ளே தனிக் காவல் தேவையில்லை. வாட்டர்லூவில் மயக்க மருந்தில்லாமல் அறுத்தவர் இதைச் சொல்கிறார் என்பதை மறக்காமல் படிக்க வேண்டும்.

இனி, இந்த வாதம் எங்கே உடைந்தது என்று பார்ப்போம். தத்துவஞானி டேவிட் ஹியூம் 1779இலேயே தத்துவரீதியாக ஓட்டை போட்டுவிட்டார் என்பார்கள்; உண்மைதான், ஆனால் அவர் சொன்னதைக் கேட்டு ஒரு உடற்கூறியலாளரும் கத்தியைக் கீழே வைக்கவில்லை. அடி விழுந்தது பெல்லின் சொந்தப் படங்களிலிருந்து. அகழெலி, வௌவால், குதிரை, மனிதன் எல்லாரையும் வரிசையாக அடுக்கினால் ஒன்று கண்ணில் படாமல் இருக்காது: மேலே ஒரு எலும்பு, கீழே இரண்டு, பிறகு சிறு எலும்புக் கூட்டம், பிறகு விரல்கள். வேலை வேறு வேறு, சட்டகம் ஒன்றே. ஒவ்வொன்றும் தன் வேலைக்காகவே தனித்தனியாக வடிவமைக்கப்பட்டது என்றால், தோண்டுவதற்கும் பறப்பதற்கும் ஏன் ஒரே எலும்புப் பட்டியல்? பிரெஞ்சுக்காரர்கள் ஏற்கெனவே இதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெல்லுக்கு அது பிடிக்கவில்லை. பயனுக்கேற்ற பொருத்தமே எல்லாவற்றையும் விளக்கும் என்று பிடிவாதமாக நின்றார்.

அந்தக் கேள்வியை நேருக்கு நேர் எடுத்தவர் ஆங்கிலேய உடற்கூறியலாளர் ரிச்சர்ட் ஓவன். அவரும் பக்தரே. மனிதன் நீந்தப் படகு செய்கிறான், பறக்க பலூன் செய்கிறான், தரையில் ஓட ரயில் எஞ்சின் செய்கிறான். இவற்றுக்குப் பொதுவான சட்டகம் ஒன்றை வைத்துக்கொள்வதில்லையே என்று 1849இல் கைகால்களைப் பற்றிய நூலில் கேட்டார். அப்படியானால் பொதுச் சட்டகத்துக்குப் பயன் காரணமாக முடியாது. படைத்தவன் மனத்தில் இருந்த ஒரு மூலவடிவமே காரணம் என்றார். பேலியின் கடவுள் பொறியாளர் என்றால் ஓவனின் கடவுள் கட்டடக் கலைஞர். பத்தே ஆண்டுகளில், 1859இல், சார்லஸ் டார்வின் அதே எலும்புகளை எடுத்துக்கொண்டார். பிடிக்கும் மனிதக் கையும், தோண்டும் அகழெலிக் கையும், குதிரைக் காலும், கடற்பன்றியின் துடுப்பும், வௌவாலின் இறக்கையும் ஒரே அமைப்பில் இருப்பதைவிட வியப்பு வேறென்ன என்று கேட்டு, பொது மூதாதை என்று பதில் சொன்னார். கல்லூரியில் பேலியைப் படித்தபோது யூக்ளிடின் கணிதத்துக்கு இணையான இன்பம் கிடைத்தது என்று நினைவுகூர்ந்தவர்தான் இவரும். பேலியும் பெல்லும் திரட்டிய சரக்கு மொத்தமும் எதிர்க்கடைக்குப் போனது என்று சொன்னால் மிகையாகாது.

புதைபடிவங்கள் பிற்பாடு கணக்கை நேர் செய்தன. சுமார் 37.5 கோடி ஆண்டுகளுக்கு முந்திய டிக்டாலிக் என்ற மீனின் படிவம் கனடாவின் ஆர்க்டிக் பகுதியில் கிடைத்து 2006இல் விவரிக்கப்பட்டது. அதன் துடுப்புக்குள் மணிக்கட்டை ஒத்த எலும்புகள் இருந்தன. அகாந்தோஸ்டேகா என்ற பழைய நான்குகால் விலங்குக்குக் கையில் எட்டு விரல்கள். ஐந்துதான் சரியான எண்ணிக்கை என்று கேலன் பக்கம் பக்கமாக நிறுவியதை நினைத்தால் புன்னகை வரும். மனிதன் பக்கத்திலும் ஒரு செய்தி. கென்யாவின் துர்கானா ஏரிப் பகுதியில் கிடைத்த கற்கருவிகள் 33 லட்சம் ஆண்டுகள் பழையவை என்று 2015இல் அறிவிக்கப்பட்டது. அக்காலத்து மனித மூதாதையரின் மூளை நம் மூளையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். கருவி பிடிக்கும் கை முந்தி, பெருமூளை பிந்தி. அரிஸ்டாட்டிலைவிட அனக்சகோரஸுக்கு இது கொஞ்சம் சாதகம்.

குறைகளையும் பேச வேண்டும். பெல் இவற்றைத் தொடவில்லை. அறுவை மருத்துவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. மணிக்கட்டின் குறுகலான சுரங்கத்துக்குள் ஒன்பது நாண்களும் ஒரு முக்கிய நரம்பும் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. கொஞ்சம் வீங்கினாலும் நரம்பு நசுங்கி இரவெல்லாம் விரல் மரத்துப்போகும். கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில் இருக்கும் படகெலும்புக்கு இரத்தம் பெரும்பாலும் விரல் பக்க முனையிலிருந்து பின்னோக்கி வருகிறது. எலும்பு நடுவில் முறிந்தால் மறுபாதி பட்டினி கிடந்து செத்துப்போகலாம். பேலி வியந்தாரே, நாண் பிளந்து வழிவிடும் இடம்? இரண்டு நாண்கள் ஒரே இறுக்கமான உறைக்குள் ஓடும் அந்தப் பகுதிக்குக் கை அறுவை மருத்துவத்தில் நீண்டகாலம் இருந்த பெயர் ‘யாருக்கும் சொந்தமில்லாத நிலம்’. போர்முனையில் இரு பதுங்குகுழிகளுக்கு நடுவே கிடக்கும் நிலத்துக்கு இடும் பெயர் அது. அங்கே வெட்டுப்பட்டால் தைத்த நாண்கள் ஒன்றோடொன்றும் உறையோடும் ஒட்டிக்கொண்டு விரல் விறைத்துவிடும்; ஆகவே தைக்காதீர்கள் என்றே பல பத்தாண்டுகள் கற்பித்தார்கள். 1960களில்தான் அந்தப் பயம் தெளியத் தொடங்கியது.

இவற்றை வைத்து ‘கடவுள் இல்லை’ என்று முழங்குபவர்களும் உண்டு. அதுவும் பேலியின் வாதமே, தலைகீழாக. நல்ல வடிவமைப்பு கடவுளை நிறுவாது என்றால் மோசமான வடிவமைப்பு அவரை இல்லாமலும் ஆக்காது. மிஞ்சிப்போனால், ஒவ்வொரு திருகையும் தனித்தனியே முடுக்கும் பொறியாளர் என்ற படம் கிழிகிறது. பொருளுக்கும் வரலாற்றுக்கும் உட்பட்டு இயன்றதில் சிறந்தது என்ற கேலனின் கடவுளுக்கு இது பெரிய இடைஞ்சல் இல்லை என்பதையும் கவனியுங்கள்.

கிறிஸ்தவர்களே இதில் ஒரே குரலில் பேசியதில்லை. வடிவமைப்பைப் பார்ப்பதால் நான் கடவுளை நம்பவில்லை, கடவுளை நம்புவதால்தான் வடிவமைப்பை நம்புகிறேன் என்று 1870இல் ஒரு கடிதத்தில் எழுதினார் ஆங்கிலேயக் கத்தோலிக்கக் குரு ஜான் ஹென்றி நியூமன். படைப்பைக் கொண்டு மனித அறிவால் கடவுளை அறிய முடியும் என்று முதலாம் வத்திக்கான் சங்கம் பிரகடனம் செய்ததும் அதே ஆண்டுதான். 1934இல் புராட்டஸ்டண்ட் இறையியலாளர் கார்ல் பார்த் இயற்கை இறையியலுக்கு அளித்த மறுப்பின் தலைப்பே ‘இல்லை!’ என்பது. ஜெபக்கூட்டங்களில் அடிக்கடி வாசிக்கப்படும் சங்கீதம் 139, ‘நான் பிரமிக்கத்தக்க அதிசயமாய் உண்டாக்கப்பட்டபடியால், உம்மைத் துதிப்பேன்’ என்கிறது. துதிக்கிறவன் ஏற்கெனவே நம்புகிறவன். நம்பாத யாரோடும் அந்த வசனம் வழக்காடவில்லை. நியூமனின் பக்கம்தான் நான் சாய்கிறேன். வியப்பு நம்பிக்கையின் பலனாக வரும்போது இயல்பாக இருக்கிறது. அதையே நீதிமன்ற ஆவணமாக்கினால் அடுத்த புதைபடிவம் வரும்வரைதான் செல்லுபடியாகும்.

இந்த மரபில் வந்தும் அப்படி ஆவணமாக்காதவர் ஒருவரை நம் ஊரிலேயே காட்ட முடியும். பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில், மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். லண்டனில் அறுவை மருத்துவம் படித்து 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். மறு ஆண்டு செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்குப் போயிருந்தபோது, விரல்கள் கொக்கிபோல் மடங்கிக் கிடந்த ஒரு நோயாளியிடம் தம் கையைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பிடி இரும்பாக இருந்தது, பிராண்டுக்கு வலித்தது. அப்படியானால் முன்கைத் தசைகள் நன்றாக இருக்கின்றன. உள்ளங்கைக்குள் இருக்கும் சிறு தசைகள்தான் நரம்பிழந்து செத்திருக்கின்றன. இருப்பதிலிருந்து எடுத்து இல்லாததற்குக் கொடுக்கலாம்.

எதை எடுப்பது? பிராண்டும் அவருடைய குழுவினரும் எடுத்தவற்றில் ஒன்று நாம் மேசைமேல் சோதித்த அதே மோதிரவிரலின் மேல்நாண். ஆழ்நாண் இருப்பதால் அது போனாலும் விரல் மடங்கும். அதை அறுத்து, மணிக்கட்டுப் பக்கம் உருவி, திசை மாற்றிக் கட்டைவிரலில் தைத்தால் கட்டைவிரல் மறுபடியும் மற்ற விரல்களை எதிர்கொள்ளும். கட்டு அவிழ்த்த பிறகு நோயாளி மோதிரவிரலை மடக்க நினைப்பார், கட்டைவிரல் அசையும். சில வாரப் பயிற்சியில் மூளை புதிய ஏற்பாட்டைப் பழகிக்கொள்ளும். பேலிக்குச் சான்றாகவும் மற்ற மருத்துவர்களுக்குத் தலைவலியாகவும் இருந்த நாண், வேலூரில் உதிரிபாகமாக உதவியது. ஆரோக்கியமான கையை இன்னும் மேம்படுத்தும் அறுவை முறை எதையும் தாம் எங்கும் படித்ததில்லை என்று பிராண்ட் பின்னாளில் எழுதினார். அதைச் சொல்லும் தகுதி அவருக்கு இருந்தது.

ஆனால் சீராக்கிய கைகளும் மறுபடி புண்ணாகின. தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்றுதான் அன்று நினைத்திருந்தார்கள். துருப்பிடித்த பூட்டு ஒன்றைப் பிராண்டால் திறக்க முடியாதபோது ஒரு சிறுவன் சாவியை வாங்கி எளிதாகத் திருப்பினான். கையைப் பார்த்தால், விரல் எலும்பு தெரியும்வரை கிழிந்திருந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை. விரல்களைத் தின்பது கிருமி அல்ல, வலியின்மை என்று பிராண்ட் கண்டுகொண்டார். பெல் 1833இல் காகிதத்தில் வாதிட்ட காவல், இங்கே இல்லாமல்போய்த் தன்னை நிரூபித்தது.

பிராண்ட் 1966இல் அமெரிக்காவின் லூசியானாவிலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிறகு, வலிக்குப் பதிலாக ஒரு கருவி செய்ய முயன்றார். கையுறையில் அழுத்தத்தை உணரும் கருவிகள், அழுத்தம் மிகும்போது எச்சரிக்கை. ஒலியாக எச்சரித்தபோது நோயாளிகள் பொருட்படுத்தவில்லை. உணர்வுள்ள அக்குளில் மின்அதிர்ச்சியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். கையில் இருந்த வேலையை எப்படியாவது முடிக்க வேண்டும் என்று தோன்றியபோது நோயாளிகள் கருவியை நிறுத்திவிட்டு வேலையை முடித்தார்கள், பிறகு மறுபடி போட்டுக்கொண்டார்கள். பணமும் பொறியாளர்களும் இருந்தும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. நிறுத்து விசை நம் கைக்கு எட்டாமல் இருப்பதுதான் வலியின் முழுப் பயன் என்று பிராண்ட் அதற்குப் பிறகு எழுதினார்.